கத்திரி வெயிலும் மைதானப் புல்லும்: வாசகர் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "வெயிலில் புல் கருகுகிறது, என்ன செய்வது?" பதிலுக்குப் போகும் முன் ஒன்று. நம் ஊர் மைதானங்களில் இருப்பது பெரும்பாலும் அருகம்புல், அல்லது அதன் சொந்தமான பெர்முடா ரகங்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகுதான். 27 முதல் 35 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். 40 டிகிரியைத் தாண்டினாலும் வேரில் ஈரம் இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஆகவே கீழே உள்ள பதில்களில் வெயிலைப் பற்றிக் குறைவாகவும் வேரைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

மத்தியான வெயிலில் தண்ணீர் விட்டால் புல் வெந்துவிடும் என்கிறார் எங்கள் தோட்டக்காரர். அதனால் தினமும் மாலை 6 மணிக்குப் பத்து நிமிடம் ஸ்பிரிங்ளர் ஓட்டுகிறோம். அப்படியும் மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் புல் சுருண்டுவிடுகிறது. (உடற்கல்வி ஆசிரியர், மதுரை மாவட்டம்)

இலைமேல் நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துப் புல்லைச் சுட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. ஆனால் தோட்டக்காரர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். வெயிலில் கிடந்த கருப்புக் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அது பட்ட இடம் வாடத்தான் செய்யும். உப்புத் தண்ணீராக இருந்தால் மத்தியானத்தில் துளி சட்டென்று காய்ந்து, உப்பு மட்டும் இலையில் தங்கிக் கருக்கும்.

உங்கள் சிக்கல் வேறு. பத்து நிமிடத் தெளிப்பு மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத்தான் நனைக்கும். ஈரம் இருக்கும் இடத்தோடு வேரும் நின்றுவிடும். முற்பகலில் அந்த அடுக்கு காய்ந்ததும் புல்லுக்குக் குடிக்க வழியில்லை. மாலைத் தண்ணீருக்கு இன்னொரு கெடுதல் உண்டு: இலை விடிய விடிய ஈரமாகவே இருக்கும், பூஞ்சாணத்துக்கு அது அழைப்பு. விடியற்காலை 4 முதல் 7 மணிக்குள் பாய்ச்சுங்கள். காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏறியதும் இலையும் உலர்ந்துவிடும்.

அளவு: மே மாதத்தில் உள் மாவட்டங்களில் பெர்முடா புல் நாளைக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மி.மீ. தண்ணீரைச் செலவழிக்கும். ஒரு மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 105க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் 7,140 சதுர மீட்டர், 4 மி.மீ. கணக்கில் நாளைக்கு 28,560 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லோடுக்குச் சற்றுக் குறைவு. இதை நாள்தோறும் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். செம்மண் கலந்த தரையில் மூன்று நாளைக்கு ஒருமுறை 12 முதல் 15 மி.மீ.; கடற்கரை மணலில் ஒன்றுவிட்டு ஒருநாள் 8 முதல் 10 மி.மீ. போதும். கரிசலில் நான்கைந்து நாள் இடைவெளி விடலாம். ஆனால் கரிசல் மெதுவாகத்தான் குடிக்கும். பத்து நிமிடம் ஓட்டி, அரைமணி நேரம் நிறுத்தி, மறுபடி ஓட்டினால்தான் தண்ணீர் வழிந்தோடாமல் இறங்கும்.

பத்து நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. விழுகிறது என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். ஒரே அளவுள்ள, பக்கம் நேராக இருக்கும் டம்ளர்கள் பன்னிரண்டை ஸ்பிரிங்ளர் பாயும் பரப்பில் பரவலாக வையுங்கள். 20 நிமிடம் ஓட்டிவிட்டு, பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். சராசரி 6 மி.மீ. என்றால் 12 மி.மீ.க்கு 40 நிமிடம் ஆகும். ஒரு டம்ளரில் 9, இன்னொன்றில் 4 என்று வந்தால் நேரத்தை நீட்டிப் பயனில்லை. அடைத்த நாசில், சாய்ந்து நிற்கும் தலை, ஒரே மோட்டாரில் அளவுக்கு மீறிக் கோத்த ஸ்பிரிங்ளர்கள், இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் நேரத்தை மட்டும் கூட்டினால் 9 விழுந்த இடம் சேறாகும், 4 விழுந்த இடம் அப்போதும் காயும்.

பாய்ச்சி முடிந்த சில மணி நேரம் கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரைத் தரையில் குத்துங்கள். 10, 12 செ.மீ. வரை சிரமமின்றி இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த தவணை எப்போது என்பதைப் புல்லே சொல்லும்: பச்சை மங்கி நீலச்சாம்பல் ஓடும், நடந்துபோனால் கால்தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். மத்தியானம் சற்றுச் சுருண்டு மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலேயே தடம் நிமிராவிட்டால் அன்றே பாய்ச்ச வேண்டும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மைதானத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடலாம்? (கல்லூரி மைதானப் பொறுப்பாளர், ராமநாதபுரம்)

மூட்டை வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள். மோட்டாரை இருபது நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, மொத்த உப்பைக் காட்டும் இ.சி. மற்றொன்று, சோடியத்தின் பங்கைக் காட்டும் எஸ்.ஏ.ஆர். கூடவே மண்ணுக்கும் பாருங்கள்.

தண்ணீரின் இ.சி. (dS/m அலகில்) 0.7க்குள் இருந்தால் கவலை இல்லை. 3 வரை கவனமாகச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் திண்டாட்டம்தான். நல்லவேளையாக அருகம்புல் உப்பைத் தாங்குவதில் கெட்டி: மண்ணின் இ.சி. 6.9 வரை போனாலும் வளர்ச்சி பெரிதாகக் குறையாது. அந்த எல்லையைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. 3 இ.சி. தண்ணீர் என்றால் புல்லின் தேவைக்கு மேல் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். அந்தக் கூடுதல் நீர்தான் உப்பை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகும். உப்புத் தண்ணீரைச் சிக்கனமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும்.

இனி ஜிப்சம். பலர் இதை உப்புக்கு மருந்து என்று நினைக்கிறார்கள். மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கி அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைப்பது மட்டுமே அதன் வேலை. எஸ்.ஏ.ஆர். உயர்ந்து, மேல்மண் அப்பளம் போல இறுகி, தண்ணீர் இறங்காமல் குட்டையாக நிற்கிறதென்றால் ஜிப்சம் உதவும். வெறும் இ.சி. மட்டும் அதிகமென்றால் அதுவும் இன்னொரு உப்பு, அவ்வளவுதான். அளவை மண் சோதனைதான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 முதல் 500 கிராம் என்ற வரம்பில் அமையும். தரையில் துளை போட்ட பிறகு தூவி, நன்றாகப் பாய்ச்சுங்கள். கழன்ற சோடியம் கீழே இறங்க வடிகால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் திரும்ப மேலே ஏறிவரும்.

ஒரு சின்ன விஷயம். பொட்டாஷ் போடுகிறவர்கள் உப்புத் தண்ணீர் ஊரில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை விட்டுவிட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது, அது உங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

யூரியா போட்ட மூன்றாம் நாள் மைதானம் முழுக்கக் கையளவு வட்டங்களாகக் கருகிவிட்டது. சில இடங்கள் கரும்பச்சை, சில இடங்கள் மஞ்சள். (ஊராட்சி விளையாட்டுக் குழு, ஈரோடு மாவட்டம்)

கைப்பிடியாக அள்ளி வீசியிருக்கிறீர்கள். குவியலாக விழுந்த யூரியா அந்த இடத்து வேரிலிருந்தும் இலையிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடும். பனியோ தண்ணீரோ இருந்த இலையில் குருணை ஒட்டிக்கொண்டால் அங்கேயும் இதே கதி. கருகிய இடத்தில் இப்போது தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து இறக்குங்கள். அடித்தண்டு உயிரோடு இருந்தால் பக்கத்திலிருந்து ஓடி மூடிவிடும்.

அடுத்த முறைக்கு: கோடையில் ஒரு தவணைக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம் தழைச்சத்து போதும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் 5.4 கிராம் யூரியா. முழுக் கால்பந்து மைதானத்துக்கு 39 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் கொஞ்சம் மிச்சமாகும். கயிறு கட்டி 10க்கு 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் கட்டத்துக்கு 540 கிராம். அதை 270 கிராமாக இரண்டு பங்கு போட்டு, காய்ந்த மணலோடு தூவும் நேரத்தில் கலந்து, ஒரு பங்கைக் கிழக்கு மேற்காகவும் மறு பங்கைத் தெற்கு வடக்காகவும் தூவுங்கள். இலை காய்ந்திருக்க வேண்டும். தூவிய கையோடு 5, 6 மி.மீ. தண்ணீர் விட வேண்டும். வெயிலில் மேலே கிடக்கும் யூரியா அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். மணலோடு கலந்து முந்தின நாளே வைத்துவிட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாகி, பழைய கதை திரும்பும்.

மஞ்சள் இருந்த இடங்களைக் குனிந்து பாருங்கள். இலை முழுக்க ஒரே சீராக வெளிறி, அடியிலைகளில் தொடங்கியிருந்தால் தழைச்சத்துக் குறை. புதுக்குருத்தில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சள் கோடு ஓடினால் இரும்புச்சத்துக் குறை. காரத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீர் ஊர்களில் இது சகஜம். அதற்கு யூரியா கொட்டிப் பயனில்லை. 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து 50 சதுர மீட்டரில் மாலையில் தெளியுங்கள், அன்றைக்குப் பாய்ச்ச வேண்டாம். சிமென்ட் படிகளில் பட்டால் துருக்கறை போகவே போகாது, ஜாக்கிரதை.

கோடை முகாமுக்கு முன் புல்லை ஒட்ட வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும் என்கிறார்களே? (கோயம்புத்தூர்)

மே மாதத்தில் வேண்டாம். ஒட்ட வெட்டினால் இலை போய், பழுப்புத் தண்டு மட்டும் வெயிலில் நிற்கும். தண்டு திரும்ப இலைவிட வேரில் சேமித்ததைச் செலவழிக்கும், வேர் குட்டையாகும். மற்ற நாளில் 25 மி.மீ. உயரத்தில் வைத்திருந்தால் கோடையில் 30, 35க்கு உயர்த்துங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 30 மி.மீ.யில் நிறுத்த வேண்டுமென்றால் 45 ஆவதற்குள் வெட்டியாக வேண்டும். தண்ணீர் தாராளமாக உள்ள மைதானத்தில் அது வாரம் இரண்டு தடவை.

வெட்டிய மறுநாள் நாலு இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். சீவியது போல நேராக இருந்தால் பிளேடு நல்ல கூர். நார் நாராகக் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தால் மொக்கை. தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் அந்த வெளுப்பைத்தான் "வெயிலில் காய்ந்துவிட்டது" என்று நினைத்து, இன்னும் தண்ணீர் விடுவார்கள். ரோட்டரி மெஷினுக்கு 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பது நல்லது. வெட்டிய துணுக்குகள் சின்னதாக இருந்தால் வாராமல் விட்டுவிடலாம், அதுவும் உரம்தான்.

கோல் போஸ்ட் முன்னால் தரை சிமென்ட் போல ஆகிவிட்டது. எத்தனை தடவை புல் நட்டாலும் பிடிப்பதில்லை. (கால்பந்துக் குழு, வட சென்னை)

நட்டது பிடிக்காததற்குப் புல் காரணமில்லை, மண்ணில் காற்றில்லை. கால்பட்டுக் கால்பட்டு மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெளி நசுங்கிவிட்டது. தண்ணீர் மேலேயே ஓடும், வேர் பக்கவாட்டில் மட்டுமே படரும்.

முதல் நாள் நன்றாக நனையுங்கள். மறுநாள் மண் ஈரமாக, ஆனால் உள்ளங்கையில் ஒட்டாத பக்குவத்தில் இருக்கும்போது துளை போட வேண்டும். சேற்றில் போட்டால் துளையின் சுவர் பூசியது போல மழுங்கிவிடும், காய்ந்த தரையில் ஆயுதம் இறங்காது. குழாய்ப் பல் வைத்த ஏரேட்டர் வாடகைக்குக் கிடைத்தால் 12 முதல் 16 மி.மீ. விட்டம், 7 முதல் 10 செ.மீ. ஆழம், துளைக்குத் துளை 5 செ.மீ. இடைவெளி. வெளியே வரும் மண்குச்சிகளை வாரிவிடுங்கள். மெஷின் இல்லையென்றால் நாலு பல் தோட்ட ஃபோர்க் போதும்: 10 செ.மீ. குத்தி, பிடியைப் பின்னால் லேசாக ஒரு ஆட்டு ஆட்டி, அடுத்த சாண் நகர வேண்டும். கோல் ஏரியா 18.32க்கு 5.5 மீட்டர், சுமார் 100 சதுர மீட்டர். இரண்டு பேருக்கு ஒரு காலை வேலை.

அதன்மேல் 3 மி.மீ. மணல். கோல் ஏரியாவுக்கு 0.3 கன மீட்டர், அதாவது 11 கன அடி. முழு மைதானத்துக்கும் இதே கனம் என்றால் ஏழரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) பிடிக்கும். என்ன மணல் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூச்சுவேலைக்கான பி-சாண்ட் மாவு போல இருக்கும்; துளையை அடைத்துவிடும். எம்-சாண்டில் கழுவாத ரகம் தூசி நிறைந்தது. கழுவி, 2 மி.மீ. சல்லடையில் சலித்தது வேண்டும். கடல் மணல் பக்கமே போக வேண்டாம். பரப்பிய மணலைத் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். புல்நுனி மேலே தெரிய வேண்டும்.

இனி நடவு. இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளை 15 செ.மீ. வரிசையில், 3, 4 செ.மீ. ஆழத்தில், மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி நட்டு மிதித்துவிடுங்கள். முதல் பத்து நாள் மட்டும் மேலே சொன்ன விதிக்கு விலக்கு: வேரே இல்லாத தண்டுக்கு நாளைக்கு மூன்று நான்கு முறை லேசாகத் தெளிக்க வேண்டும். பிறகு படிப்படியாகக் குறையுங்கள். இந்த வெயிலில்தான் பெர்முடா வேகமாக ஓடும், ஆகையால் ஏப்ரல், மே விடுமுறை நடவுக்கு நல்ல காலம். ஆனால் ஆறு முதல் எட்டு வாரம் யாரும் கால் வைக்கக் கூடாது. உங்கள் முந்தைய நடவுகள் இங்கேதான் தோற்றிருக்கும். நகர்த்தும் கோல் போஸ்ட் இருந்தால் பயிற்சியை அதுவரை மைதானத்தின் குறுக்கே மாற்றிப்போடுங்கள்.

செம்மண்ணும் சாணி எருவும் கலந்து பரப்பினால் குளிர்ச்சி என்கிறார்களே? (தஞ்சாவூர்)

வீட்டுத் தோட்டத்துக்குச் சரி. மணல் அடித்தளம் போட்ட மைதானத்தில் மேலே ஒரு செம்மண் அடுக்கு விழுந்தால் தண்ணீர் அந்த அடுக்கிலேயே நின்றுவிடும். வேரும் அங்கேயே சுற்றும். சரியாக மக்காத எருவோடு களை விதையும் வண்டுப் புழுவும் இலவசமாக வரும். எந்தத் தரையோ அந்த மண்ணையே மேலேயும் போடுவது பழுதில்லாத வழி.

கோரை ஒழியவே மாட்டேன் என்கிறது. பிடுங்கப் பிடுங்க இரட்டிப்பாகிறது. (நாமக்கல்)

பிடுங்கும்போது மேல்தாள்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணிலேயே தங்கி, உறங்கிக் கிடந்த பக்கத்துக் கிழங்குகளும் முளைவிடும். கோரை தழைப்பதே "இங்கே தண்ணீர் அதிகம்" என்பதற்கு அடையாளம். அந்த இடத்து ஸ்பிரிங்ளரையும் குழாய்க் கசிவையும் முதலில் பாருங்கள். மருந்து என்றால் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல். கரும்புக்கென்று விற்பது, பெர்முடாவைப் பொதுவாகப் பாதிப்பதில்லை. லேபிளில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள், ஓரமாக ஒரு சின்னத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். தண்ணீரில்லாமல் வாடி நிற்கும் புல்லில் அடிக்க வேண்டாம். கோரை மஞ்சளாக இரண்டு மூன்று வாரம் ஆகும். வேலை செய்யவில்லை என்று அதற்குள் மறுபடி அடிப்பதுதான் வழக்கமான தவறு.

எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்ட இடமெல்லாம் புல் செத்துக் கோடு பள்ளமாகிவிட்டது. (விழுப்புரம்)

சுண்ணாம்பின் காரம் புல்லைக் கருக்கும். பிள்ளைகள் கண்ணில் பட்டால் அதைவிட மோசம். தண்ணீரில் கரையும் மைதான வெள்ளைப் பெயின்டுக்கோ, காரமில்லாத சாக்பீஸ் தூளுக்கோ மாறுங்கள்.

இந்த வருடம் எங்களுக்கு மைதானத்துக்குத் தண்ணீரே இல்லை. கைவிட்டுவிட வேண்டியதுதானா? (அரசு உதவிபெறும் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்)

வேண்டாம். தண்ணீர் இல்லாவிட்டால் அருகம்புல் இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். அந்தத் தண்டு வற்றாமல் பார்த்துக்கொள்ள 15 முதல் 20 நாளைக்கு ஒருமுறை 12 மி.மீ. போதும். முழு மைதானத்துக்கு ஏழு லாரி ஆகும். அதுவும் முடியாதென்றால் இரண்டு பெனால்டி ஏரியாக்களை மட்டும் காப்பாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து 1,330 சதுர மீட்டர், 16,000 லிட்டரில் முடிந்துவிடும். மற்ற இடம் ஓடிவந்து மூடிக்கொள்ளும், தேய்ந்த இடம்தான் மூடாது.

உறங்கும் புல்லுக்கு யூரியா கூடாது, வெட்டவும் கூடாது, விளையாடவும் கூடாது. வளராத நேரத்தில் முறிந்த தண்டு முறிந்ததுதான். செத்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு கொத்தைத் தோண்டி எடுத்துத் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெண்மையாக, ஈரத்தோடு இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி ஒடிந்தால் அந்தத் துண்டு போய்விட்டது, மறு நடவுதான். அருகில் விடுதியோ கல்லூரியோ கழிவுநீர் சுத்திகரித்தால் அந்தத் தண்ணீரைக் கேட்டுப் பாருங்கள், இ.சி. பார்த்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், நாளைக்கு 5 மி.மீ. பாய்ச்சும்போது மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிராம் தழைச்சத்து தானாகச் சேரும். அந்த அளவு தழைச்சத்துக்கான யூரியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோடை மழை விழுந்து நாலைந்து நாளில் மைதானம் பச்சை கட்டும். அன்றைக்கே பந்தைக் கொடுத்துவிடாதீர்கள். புல்லைக் கையால் இழுத்தால் வராமல் நிற்கும் அளவுக்கு வேர் ஊன்ற இன்னும் இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.